வண்டி முறுக்காமல் இருக்க: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பழைய அமெரிக்க வி8 கார்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் நிறையப் பேர் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள்: காருக்கடியில் முன் சட்டத்தையும் பின் சட்டத்தையும் இணைக்கிற சப்ஃப்ரேம் கனெக்டர். அதனால் இந்த முறை மொத்தப் பகுதியும் அதற்கே.

என்னிடம் இருப்பது 1990 ஃபோர்டு மஸ்டாங் 5.0 ஹேட்ச்பேக், கை கியர். முன் மூலையில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் அந்தப் பக்கக் கதவு இறுக்கிப் பிடிக்கிறது, மூடினால் சரியாகப் பூட்டுவதில்லை. மேடு பள்ளத்தில் டேஷ்போர்டு கடகடவென்கிறது. முதலில் சப்ஃப்ரேம் கனெக்டர் போடச் சொல்கிறார் பட்டறைக்காரர். அந்தப் பணத்துக்கு நல்ல ஸ்பிரிங்கும் ஷாக்கும் போடு என்கிறார் நண்பர். யார் பேச்சைக் கேட்பது?
*வாசகர், டல்லஸ்*

பட்டறைக்காரர் பேச்சைக் கேளுங்கள். உங்கள் நண்பர் சொல்வது தவறான செலவு இல்லை, ஆனால் அது இரண்டாவது செலவு.

காரணம் உங்கள் வண்டியின் வயிற்றுக்கடியில் இருக்கிறது. ஃபோர்டின் ஃபாக்ஸ் என்ற அடித்தளம் 1978 ஃபேர்மான்ட் காரோடு வந்தது, 1979-லிருந்து 1993 வரை மஸ்டாங் அதன் மேல்தான் ஓடியது. லாரிக்கு இருப்பது போல முன்னிருந்து பின் வரை ஓடுகிற தனி சேசிஸ் இதில் கிடையாது. எஞ்சினையும் முன் சஸ்பென்ஷனையும் தாங்குகிற இரண்டு பெட்டிச் சட்டங்கள் முன்னாலிருந்து வந்து உங்கள் சீட்டுக்கு அருகே தரைத் தகட்டுக்கடியில் முடிந்துவிடும். பின் ஆக்சிலைத் தாங்குகிற சட்டங்கள் பின் சீட்டுப் பக்கம் தொடங்கும். நடுவில் இருப்பது 1 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் தடிமன் உள்ள தரைத் தகடும், கதவுக்குக் கீழே ஓடும் ராக்கரும், நடுவில் கியர்பாக்ஸுக்கான சுரங்கமும், மேலே கூரையும்தான். உங்களுடையது ஹேட்ச்பேக் வேறு. பின்னால் அவ்வளவு பெரிய திறப்பு இருந்தால் கூரை செய்யும் உதவியும் குறைந்துவிடும்.

இப்போது எஞ்சினைப் பாருங்கள். 1990-ன் 5.0 கொடுப்பது 225 குதிரைத்திறன், முறுக்குவிசை சுமார் 407 நியூட்டன் மீட்டர். முதல் கியரின் விகிதம் 3.35. பெருக்கினால் டிரைவ்ஷாஃப்ட்டில் கிட்டத்தட்ட 1,360 நியூட்டன் மீட்டர் வருகிறது. ஷாஃப்ட் பின் ஆக்சிலை ஒரு பக்கமாகச் சுழற்றப் பார்க்கும், அதே அளவு விசை எஞ்சின் மவுண்ட் வழியாக வண்டியின் முன்பகுதியை எதிர்ப்பக்கம் சுழற்றப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு முறுக்கு வாங்குவது உங்கள் தரைத் தகடுதான். பச்சை விளக்கு விழுந்ததும் கிளட்ச்சை விட்டுப் பறக்கிறவர்களின் ஃபாக்ஸ் மஸ்டாங்கில், பின் ஆக்சிலைப் பாடியோடு பிடிக்கிற கன்ட்ரோல் ஆர்ம்கள் மாட்டியிருக்கிற டார்க் பாக்ஸ் தகடு கிழிந்து நிற்பதை அமெரிக்காவில் அந்தக் காரைத் தொட்ட எந்த மெக்கானிக்கும் பார்த்திருப்பார். நீங்களும் வண்டிக்கடியில் படுத்து அங்கே ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்பாட் வெல்டைச் சுற்றி பெயின்ட் மயிரிழையாக வெடித்திருந்தால் வேலை ஏற்கனவே ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதைச் சரி செய்துவிட்டுத்தான் கனெக்டர்.

ஏன் ஸ்பிரிங் இரண்டாவது? கெட்டியான ஸ்பிரிங் போட்டால் சாலையின் விசை அதிகமாகப் பாடிக்கு வரும். பாடி தளர்வாக இருந்தால் அதுவே இன்னொரு ஸ்பிரிங்காக வேலை செய்யும், அதுவும் ஷாக் அப்சார்பர் இல்லாத ஸ்பிரிங். முன்னால், திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கிற ஆன்ட்டி ரோல் பாரைத் தடித்ததாகப் போட்டு முன்பின் சமநிலையை மாற்றலாம் என்று நினைப்பீர்கள், அந்த மாற்றத்தில் ஒரு பங்கை நடுவில் இருக்கிற தகடு முறுக்கிக்கொண்டு விழுங்கிவிடும், நீங்கள் செலவழித்த பணம் டயருக்குப் போய்ச் சேராது. கதவு இறுக்குகிற வண்டியில் விலை உயர்ந்த ஷாக் போடுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கும்.

இன்னொரு விஷயத்தையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். கனெக்டர் வளைவைத்தான் அதிகம் தடுக்கும். முறுக்கைத் தடுப்பதில் அதன் பங்கு நீங்கள் அதை எப்படிக் கட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு தாளைக் குழாயாகச் சுருட்டி விளிம்பை நீளவாக்கில் முழுக்க ஒட்டி முறுக்கிப் பாருங்கள், அப்புறம் ஒட்டியதைப் பிரித்துவிட்டு முறுக்குங்கள், கைக்கே புரியும். 50 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள இரும்புக் குழாயை நீளவாக்கில் ஒரு கீறல் கீறினால் முறுக்கைத் தாங்கும் விறைப்பு 400-ல் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். இரும்பின் எடை குறையவில்லை, மூடிய வடிவம் திறந்துபோனது, அவ்வளவுதான். அதனால் இரண்டு முனையில் மட்டும் பிடித்துக்கொண்டு நடுவில் தொங்குகிற குழாயை விட, தரையோடும் சீட் மவுண்டோடும் ராக்கரோடும் சேர்த்துக் கட்டப்பட்டு ஒரு பெரிய மூடிய பெட்டியாக மாறுகிற கனெக்டர் பல மடங்கு மேல். வாங்கும்போது முழுநீள வகையாகப் பார்த்து வாங்குங்கள். முன் சட்டத்தின் மேல் நல்ல நீளத்துக்கு ஏறி உட்கார்ந்து, சீட்டின் போல்ட்டுகளுக்குக் கீழே குறுக்குச் சட்டமும் வைத்து வருவது ஃபாக்ஸுக்குக் கிடைக்கிறது.

போல்ட் போட்டு மாட்டுகிற கனெக்டரும் விற்கிறார்கள். வெல்டிங் இல்லாமல் வீட்டிலேயே மாட்டிவிடலாம், வேண்டாமென்றால் கழற்றியும் விடலாம். அது போதாதா?
*வாசகர், எடிசன், நியூ ஜெர்சி*

பெரும்பாலான கார்களுக்குப் போதாது. போல்ட் இணைப்பு விறைப்பாக இருப்பது போல்ட் துளையில் நிற்பதால் இல்லை. இரண்டு தகடுகளையும் அது நசுக்கிப் பிடிக்கிறது, அந்த அழுத்தத்தில் வருகிற உராய்வுதான் தாங்குகிறது. மெல்லிய தகட்டாலான காலிப் பெட்டிச் சட்டத்தில் போல்ட்டை இறுக்கினால் பெட்டி நசுங்கும், அழுத்தம் நிற்காது. கொஞ்ச நாளில் துளை நீள்வட்டமாகிவிடும், அதன் பிறகு ஒவ்வொரு மேட்டிலும் டக் டக்கென்று சத்தம் வரும். சட்டத்துக்குள் ஸ்லீவ் வைத்து, இரண்டு பக்கமும் தடித்த பட்டை கொடுத்து, துளையைச் சரியான அளவில் ரீமர் போட்டுச் செய்தால் நிலைக்கும்தான். அவ்வளவு வேலைக்கு வெல்டிங்கே சுலபம்.

கழற்றும் வசதி வேண்டும் என்பதற்கு ஒரே நியாயமான காரணம், வண்டி ஒரிஜினலாகவே இருந்தால்தான் விலை என்ற நிலை. எஞ்சின் எண்ணும் பாடி எண்ணும் பொருந்துகிற, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிற கார் என்றால் அதைத் தொடாமல் விடுவது இன்னும் நல்லது. ஓட்டுவதற்கு வேறு வண்டி தேடுங்கள்.

என்னிடம் சிறிய மிக் வெல்டர் இருக்கிறது, ஓரளவு பழக்கமும் உண்டு. ஃபாக்ஸ் மஸ்டாங்குக்கு முழுநீளக் கனெக்டர் வாங்கி வைத்திருக்கிறேன். நானே போடலாம் என்று நினைக்கிறேன், எதில் கவனமாக இருக்க வேண்டும்?
*வாசகர், ஹூஸ்டன்*

முதலில் ஒன்று. வண்டியின் எடை முழுக்க அதன் சக்கரங்களில் இருக்கும்போதுதான் பற்றவைக்க வேண்டும். எல்லாவற்றையும் விட இது முக்கியம், இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். இரண்டு தூண் லிஃப்ட்டில் நடுவில் தாங்கித் தூக்கினால் சக்கரங்கள் கீழே தொங்கும், மூக்கில் இருக்கிற எஞ்சின் எடையும் பின்பக்க எடையும் சேர்ந்து பாடியைக் கொஞ்சம் வளைத்திருக்கும். அந்த நிலையில் பற்றவைத்தால் அந்த வளைவை நிரந்தரமாகப் பூட்டிவிடுகிறீர்கள். கீழே இறக்கியதும் கதவு இடைவெளி மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு என்று நிற்கும், இனி அதை வெட்டித்தான் எடுக்க முடியும். சக்கரம் ஏறி நிற்கிற நான்கு தூண் லிஃப்ட் கிடைத்தால் அருமை. இல்லாவிட்டால் நான்கு சக்கரத்துக்கும் ஒரே உயரத்தில் பலமான ரேம்ப், சமதளமான தரையில். அதுவும் இல்லையென்றால் பின்னால் ஆக்சில் குழாய்க்கடியிலும் முன்னால் கீழ் கன்ட்ரோல் ஆர்ம் முனைக்கடியிலும் ஸ்டாண்ட் வைத்து சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையில் நிறுத்துங்கள். சமதளமா என்பதை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். வேலை தொடங்குவதற்கு முன்பு இரண்டு கதவின் இடைவெளியையும் மேலே, நடுவே, கீழே என்று அளந்து மாஸ்கிங் டேப்பில் எழுதி அங்கேயே ஒட்டிவிடுங்கள். முடித்த பிறகு அதே இடத்தில் அளந்து பார்க்கலாம்.

அடுத்தது தீ. சீட்டு, கார்ப்பெட், அதற்கடியில் இருக்கிற தார் அட்டை எல்லாவற்றையும் வெளியே எடுங்கள், பற்றவைக்கிற இடத்தின் மறுபக்கம் காருக்குள்தான் இருக்கிறது. பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் ஹேண்ட்பிரேக் கேபிளும் எந்த வழியாக ஓடுகின்றன என்று கையால் தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டு, கிளிப்பிலிருந்து விடுவித்து ஒதுக்கிக் கட்டுங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள், வெல்டரின் எர்த் கிளாம்பைப் பற்றவைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே பிடியுங்கள். காருக்குள் ஓர் ஆள் தீயணைப்பானும் ஈரத்துணியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும். வேலை முடிந்த பிறகும் அரை மணி நேரமாவது வண்டியை விட்டு யாரும் போகக் கூடாது, புகைந்துகொண்டிருக்கிற தூசி அப்புறம்தான் பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தகட்டின் எண்ணெயைத் துடைக்க பிரேக் கிளீனர் ஸ்பிரே பயன்படுத்துகிறவர்கள் உண்டு. அதில் குளோரின் கலந்த வகை ஒன்று இருக்கிறது. அது காயாமல் இருக்கும்போது வெல்டிங் ஆர்க் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும். சின்ன அளவு போதும், நுரையீரல் போய்விடும். டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள், இல்லாவிட்டால் அசிட்டோனால் துடைத்து முழுக்கக் காயவிடுங்கள். துத்தநாகப் பூச்சு உள்ள தகட்டைக் கிரைண்டரால் வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்த்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும், கதவுகளைத் திறந்து வைத்து, முகமூடியோடு.

வெல்டிங்கைப் பொறுத்தவரை, 0.8 மில்லிமீட்டர் கம்பி, ஆர்கான் 75 கார்பன்டைஆக்சைடு 25 கலவை. கனெக்டர் தடித்தது, தரை மெல்லியது. அதனால் ஆர்க்கைத் தடித்த இரும்பில் தொடங்கி, உருகிய குட்டையை மெல்லிய தகட்டின் மேல் இழுத்து விடுங்கள், நேராகத் தகட்டில் அடித்தால் ஓட்டை விழும். முழு நீளத்துக்கும் ஒரே ஓட்டமாக அடிக்காதீர்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் அடித்துவிட்டு இடம் மாறுங்கள், இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம், முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம். தகடு தொட்டால் சுடாத அளவு ஆறிய பிறகு பழைய இடத்துக்கு வாருங்கள். முதலில் எல்லா இடத்திலும் டேக், அதாவது சின்னப் புள்ளி வெல்ட், மட்டும் வைத்து, கதவு இடைவெளியை ஒரு முறை பார்த்துவிட்டுப் பிறகு முழுமையாகப் போவது நல்லது. கடையில் வாங்கியது தரையோடு அங்கங்கே ஒட்டாமல் நிற்கும். இடைவெளியை வெல்டால் நிரப்பப் பார்க்காமல் சின்னத் தகட்டுத் துண்டு வெட்டி வைத்து இரண்டு பக்கமும் பற்றவையுங்கள். சந்தேகமிருந்தால் அதே தடிமனுள்ள கழிவுத் தகட்டில் அடித்து, சுத்தியலால் பிய்த்துப் பாருங்கள். வெல்ட் பிரியாமல் தகடு கிழிந்தால் சரி.

கடைசியாக எபாக்ஸி பிரைமர், மடிப்புகளில் சீலன்ட், குழாய்க்குள் மெழுகு ஸ்பிரே. உள்ளே பூசாமல் மூடிய குழாய்தான் முதலில் துருப்பிடிக்கும்.

1968 செவர்லே கமாரோ வைத்திருக்கிறேன். இதில் முன் சப்ஃப்ரேமே தனியாகக் கழன்று வருகிறது. இதற்கும் அதே முறைதானா?
*வாசகர், டொராண்டோ*

இல்லை, இது வேறு கதை. 1967 முதல் 1969 வரை வந்த கமாரோவில் முன் சப்ஃப்ரேம் ஒரு முழு இரும்புத் தொட்டில், அது ரப்பர் புஷ் வைத்து பாடியோடு போல்ட்டில் நிற்கிறது. பின்பாதிதான் தகட்டுப் பாடியும் கமான்கட்டையும். எஞ்சின் அதிர்வு உள்ளே வராமல் இருக்க அப்படிச் செய்தார்கள். உங்கள் ரப்பருக்கு இப்போது எத்தனை வயதோ, பெரும்பாலும் பிஸ்கட் மாதிரி உதிரும்.

முதல் வேலை புஷ். ரப்பரைத் தூக்கிவிட்டு அலுமினியத்தில் வருகிற கெட்டி மவுண்ட் போடுங்கள். ரப்பரை அப்படியே விட்டுவிட்டு மேலே கனெக்டரைப் பற்றவைத்தால், அசைய வேண்டும் என்று வடிவமைத்த இணைப்பையும் அசையவே கூடாத இணைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது போல ஆகிவிடும், எல்லாச் சுமையும் கனெக்டரின் வெல்டுக்கே வரும், அங்கேதான் வெடிக்கும். இறுக்குவதற்கு முன்பு சப்ஃப்ரேம் நேராக இருக்கிறதா என்று பாருங்கள், சப்ஃப்ரேமிலும் பாடியிலும் அதற்கென்றே துளைகள் உண்டு, இரண்டும் நேர்கோட்டில் வரும்படி உருண்டைக் கம்பியை நுழைத்துவிட்டுத்தான் போல்ட்டை முறுக்க வேண்டும். சில மில்லிமீட்டர் கோணினாலும் வீல் அலைன்மென்ட் வராது. இதெல்லாம் முடிந்த பிறகு கனெக்டர். சப்ஃப்ரேமின் பின் போல்ட்டிலேயே பிடித்து, பின் முனையை மட்டும் பற்றவைக்கிற வகை இந்தக் காருக்கு நன்றாகவே ஒத்துவரும். சப்ஃப்ரேமை நாளைக்குக் கழற்றவும் வழி இருக்கும்.

அந்தக் காலத்து கமாரோ கன்வெர்டிபிளில், அதாவது கூரை மடங்குகிற வகையில், தொழிற்சாலையே என்ன செய்தது தெரியுமா? வண்டியின் நான்கு மூலையிலும் உள்ளே கனமான எடை ஸ்பிரிங்கில் தொங்குகிற உருளைகளை வைத்தார்கள், பாடி நடுங்கும்போது அந்த எடை எதிராக ஆடி நடுக்கத்தை அடக்கும். பாடியை விறைப்பாக்காமல் நடுக்கத்தை மட்டும் மறைக்கிற வேலை. இப்போது அந்த உருளைகளைக் கழற்றிப் போட்டவர்கள் அதிகம், உங்களிடம் இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

மதுரையில் ஸ்கார்பியோ ஓட்டுகிறேன், வீட்டில் ஒரு ஸ்விஃப்ட்டும் இருக்கிறது. இரண்டில் எதற்குப் போடலாம்?
*வாசகர், மதுரை*

இரண்டுக்கும் வேண்டாம். ஸ்கார்பியோவுக்கு ஏணி போன்ற தனி சேசிஸ் முன்னிருந்து பின் வரை முழுதாக ஓடுகிறது, இணைப்பதற்கு அங்கே இடைவெளியே இல்லை. ஸ்விஃப்ட் முன்சக்கரத்தால் ஓடுவது, டிரைவ்ஷாஃப்ட் முறுக்கு நடுப்பகுதிக்கு வருவதே கிடையாது. பாடியும் அதற்குத் தேவையான விறைப்போடு கணக்குப் போட்டே செய்யப்பட்டது. மோதலில் எந்த இடம் மடங்க வேண்டும், எது மடங்கக் கூடாது என்றெல்லாம் திட்டமிட்டிருக்கும் காருக்கடியில் நாமாக இரும்பைப் பற்றவைக்கக் கூடாது. நம் ஊர்ச் சட்டமும் இடம் கொடுக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஸ்விஃப்ட்டில் சத்தம் வந்தால் லோயர் ஆர்ம் புஷ்ஷையும் ஸ்ட்ரட் மவுண்ட்டையும் பாருங்கள்.

1966 மஸ்டாங் கன்வெர்டிபிள். வளைவில் திரும்பும்போது முன் கண்ணாடி ஃப்ரேம் ஒரு பக்கமாக ஆடுவது கண்ணுக்கே தெரிகிறது. கூரையில்லாத வண்டிக்கு இதெல்லாம் சகஜம்தானே?
*வாசகர், சான் ஹோசே*

கொஞ்சம் ஆடுவது சகஜம், கண்ணுக்குத் தெரிகிற அளவு ஆடுவது சகஜமில்லை. கூரையை எடுத்ததும் பாடி என்ற மூடிய பெட்டி திறந்துவிடுகிறது, அதற்கு ஈடாக ஃபோர்டு கன்வெர்டிபிளின் ராக்கருக்குள் கூடுதல் தகடு வைத்து, தரைக்கடியிலும் பலப்படுத்தியிருந்தது. அறுபது வருடத்தில் அந்த ராக்கர் உள்ளேயிருந்து அரித்திருந்தால் நீங்கள் சொல்கிற ஆட்டம் வரும். முதலில் ராக்கர், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

முன்பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். பழைய மஸ்டாங்கில் முன் ஸ்பிரிங் மேல் கன்ட்ரோல் ஆர்முக்கு மேலே உட்கார்ந்து ஷாக் டவரை, அதாவது ஷாக்கின் மேல் முனையைத் தாங்குகிற தகட்டுக் கூட்டை, நேராக மேலே தள்ளுகிறது, வருடக்கணக்கில் இரண்டு டவரும் எஞ்சினை நோக்கி உள்ளே சாய்ந்துவிடும். மோசமான சாலைகள் உள்ள நாடுகளுக்கு அனுப்பிய வண்டிகளுக்காக ஃபோர்டு ஒரே துண்டில் ஒரு பிரேஸ் செய்தது, அதனால்தான் இன்றும் அதை எக்ஸ்போர்ட் பிரேஸ் என்கிறார்கள். 1965-ல் வந்த ஷெல்பி ஜிடி350-யிலும் அதைப் போட்டு, டவருக்கு டவர் குறுக்கே மான்டி கார்லோ பார் என்ற கம்பியையும் சேர்த்தார்கள். உங்கள் காருக்கு இரண்டும் வேண்டும், விலையும் அதிகமில்லை. கனெக்டர் பற்றவைக்கும் நாளில் கூரையை மேலே ஏற்றிப் பூட்டி, கதவுகளை மூடி, இடைவெளி சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகே முதல் டேக். ஏற்கனவே நடுவில் தொய்ந்திருந்தால் தரையின் குறுக்குச் சட்டத்துக்கடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் மெல்ல ஏற்றி, கதவு இடைவெளி சீரான பிறகு பற்றவையுங்கள். கன்வெர்டிபிளில் இது பொறுமை கேட்கிற வேலை, அவசரப்படுகிற பட்டறையிடம் கொடுக்காதீர்கள்.

கனெக்டர் போட்டால் வண்டி முரடாகிவிடும், எடையும் கூடும் என்கிறார்களே?
*வாசகர், ரிச்மண்ட், வர்ஜீனியா*

முரடாகாது. பாடி அசையாமல் நின்றால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தங்கள் வேலையைச் செய்யும், பெரும்பாலும் வண்டி முன்பை விட நயமாகத்தான் போகும். உள்ளே வருகிற கிரீச் சத்தமும் குறையும். எடை ஜோடிக்கு 10 முதல் 20 கிலோவுக்குள் இருக்கும், அதுவும் தரைக்குப் பக்கத்திலேயே. பார்க்க வேண்டியது தரை இடைவெளியையும் சைலன்சர் குழாயையும்தான். நல்ல கனெக்டர் சட்டத்தின் மட்டத்துக்குக் கீழே இறங்கக் கூடாது.

பிஎம்டபிள்யூ 3 சீரிஸின் இ46 தலைமுறையில் சப்ஃப்ரேம் கிழிகிறது என்று படித்தேன். அதற்கும் இந்தக் கனெக்டர்தான் மருந்தா?
*வாசகர், ஃப்ரீமான்ட்*

இல்லை. அங்கே கிழிவது பின் சப்ஃப்ரேம் போல்ட் ஏறுகிற தரைத் தகடு. வெடிப்பைப் பற்றவைத்து, மவுண்ட்டைச் சுற்றி அதற்கென்று வெட்டிய வலுவூட்டும் தகடுகளைப் பற்றவைப்பதுதான் வைத்தியம். வாங்கும் முன்பே பின் தரையைக் கீழிருந்து பார்த்துவிடுங்கள், வாங்கிய பிறகு தெரிந்தால் செலவு கையைக் கடிக்கும்.

நேர்கோட்டில் கால் மைல் ஓடுகிற டிராக் (drag) ரேஸுக்கு வண்டி தயார் செய்கிறேன். உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு, அதாவது ரோல் கேஜ் போடப்போகிறேன், அப்புறம் எதற்குக் கனெக்டர்?
*வாசகர், அட்லாண்டா*

கேஜின் கால்கள் எங்கே நிற்கப்போகின்றன என்று யோசியுங்கள். வெறும் தரைத் தகட்டில் நின்றால் அடிபடும்போது கால் தகட்டைக் குத்திக்கொண்டு கீழே இறங்கும். கனெக்டர் முன்பே இருந்தால் முக்கியக் குழாயை அதோடு சேர்த்துக் கட்ட நல்ல பிடி கிடைக்கும். அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்எச்ஆர்ஏ விதிப்படி கால் மைல், அதாவது 402 மீட்டரை, 11.49 வினாடி அல்லது அதைவிட வேகமாக ஓடுகிற காருக்கு ரோல் பார் கட்டாயம், கன்வெர்டிபிளுக்கு 13.49-லேயே கட்டாயமாகிவிடும். அது உயிரைக் காக்கிற விதி, விறைப்பைப் பற்றியது இல்லை. தெருவிலும் ஓட்டுகிற வண்டி என்றால் முழுக் கேஜ் போடாதீர்கள், ஹெல்மெட் இல்லாத தலைக்கு அருகில் இரும்புக் குழாய் ஆபத்து. கூம்புகளுக்கு நடுவே வளைந்து ஓட்டுகிற ஆட்டோகிராஸ் பக்கமும் போவதாக இருந்தால் அந்த அமைப்பின் விதிப்புத்தகத்தை முதலில் பாருங்கள். கனெக்டர் போட்டதும் வேறு பிரிவுக்கு மாற வேண்டி வரலாம்.

ஒஹையோவில் 1970 டாட்ஜ் சேலஞ்சர் ஒன்று விலைக்கு வருகிறது. அடியில் துரு இருக்கிறது, ஆனால் கனெக்டர் போட்டால் சட்டம் பலமாகிவிடும் என்கிறார் விற்பவர்.
*வாசகர், கொலம்பஸ்*

அந்தப் பேச்சை நம்பி வாங்காதீர்கள். துருப்பிடித்த சட்டத்தில் கனெக்டரைப் பற்றவைத்தால் புது இரும்பு நிற்கும், அதைச் சுற்றியிருக்கிற பழைய தகடு கிழியும். ஒஹையோ, மிச்சிகன் பக்கமெல்லாம் குளிர்காலத்தில் சாலையில் உப்பு போடுகிற ஊர்கள், அங்கே ஓடிய வண்டிக்கு வெளியே பளபளவென்று பெயின்ட் இருந்தாலும் பெட்டிச் சட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்பது தட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

சேலஞ்சரில் இது இன்னும் முக்கியம். டாட்ஜும் சேர்ந்த அந்தக் காலத்து கிரைஸ்லர் கார்களில் முன்னால் சுருள் ஸ்பிரிங் கிடையாது, முறுக்கிக்கொண்டே ஸ்பிரிங் வேலை செய்கிற டார்ஷன் பார் நீளவாக்கில் இருக்கிறது, அதன் பின் முனை முன் சீட்டுக்கடியில் இருக்கிற குறுக்குச் சட்டத்தில் பூட்டியிருக்கும். வண்டியின் முன் எடை முழுக்க அந்தக் குறுக்குச் சட்டத்தை முறுக்கிக்கொண்டே இருக்கிறது, நிற்கும்போதும்கூட. கனெக்டரின் முன் முனை வந்து சேருவதும் அதே இடம். பின் முனை சேருவது கமான்கட்டையின் முன் கண் மாட்டியிருக்கிற சட்டத்தில். உப்பு முதலில் தின்பதும் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களையும்தான்.

போகும்போது சின்ன சுத்தியலும் கூர்மையான ஸ்க்ரூடிரைவரும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு போங்கள். குறுக்குச் சட்டத்தில் டார்ஷன் பார் நுழைகிற இடத்தைச் சுற்றித் தட்டுங்கள், நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்தது பொத்தென்று கேட்கும். பின் சட்டத்தின் வடிகால் துளையில் விரல் விட்டுப் பாருங்கள், செதில் செதிலாக வந்தால் உள்ளே போய்விட்டது. புதிதாகக் கறுப்புத் தார் பூசியிருந்தால் அந்த இடத்தைத்தான் முதலில் சுரண்ட வேண்டும், சுரண்ட விற்பவர் விடவில்லையென்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். குறுக்குச் சட்டமும் பின் சட்டமும் புதிதாகவே விற்கிறார்கள், அந்த விலையையும் கூலியையும் பட்டறையில் கேட்டு, கார் விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டு அவருக்குப் பதில் சொல்லுங்கள்.